பழைய சுவருக்குப் புதுச் சட்டை

எந்த ஊர்க் கடைவீதிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன் கட்டிய நான்கு மாடிக் கடைக் கட்டடம். முகப்பிலே வரிசையாக ஜன்னல்கள். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு. மழை நீர் வடிந்து கறுத்த சுவர். ஒரு நாள் அதைச் சுற்றிச் சாரம் எழும்புகிறது. பச்சை வலை போர்த்தப்படுகிறது. இரண்டு மாதம் கழித்து வலையை அவிழ்க்கும்போது பழைய கட்டடத்தைக் காணோம்! ஜன்னல்களைக் காணோம், சன்ஷேடுகளைக் காணோம். அடியிலிருந்து உச்சிவரை பளபளக்கும் தகடு. நடுவிலே நீலக் கண்ணாடி. "எலிவேஷன் வேலை முடிந்தது" என்கிறார் காண்டிராக்டர். தீபாவளிக்கு முன் திறப்பு விழா நடக்கிறது. கட்டடத்தின் வாடகை ஏறுகிறது.

இதைப் பற்றித் தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். முதலாளி தன் பணத்தில் தன் கட்டடத்துக்குச் சட்டை மாட்டுகிறான். மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அதில் என்ன அக்கறை என்று கேட்கக்கூடும்.

அக்கறை இருக்கிறது. அந்தத் தகட்டை நாலாவது மாடியில் தொங்கிக்கொண்டு முடுக்குகிறவன் யார்? விளைச்சல் பொய்த்த கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த நம் வீட்டுப் பிள்ளை. கண்ணாடிக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே துணி மடிக்கிறவள் யார்? நம் தங்கை, நம் மகள். விற்பனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் ஆசனம் தரவேண்டும் என்று சொல்லக்கூட 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது! பண்டிகைக்கு முன் போனஸ் பணத்தை முடிந்துகொண்டு, குழந்தை குட்டிகளோடு அந்தக் கடைக்குள் நெருக்கியடித்து நுழைகிறவர்களும் நாம்தான். சுவர் அவர்களுடையது, சுவருக்குள் இருக்கும் உயிர் நம்முடையது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதை நாம் எதிர்க்கவில்லை. இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டுவதைவிட, இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் மனித உழைப்பிலிருந்து வந்தவை. அவற்றை வீணாக்கக் கூடாது. முகப்பு அழகாக இருந்தால் நமக்கும் சந்தோஷமே. நமது கேள்வி வேறு. அந்த அழகுக்கு அடியில் என்ன இருக்கிறது? அதைத் தீர்மானித்தது யார்? எதை மிச்சம் பிடிக்கத் தீர்மானித்தார்கள்?

தகட்டின் வயிற்றிலே

தொழிலில் 'ஏசிபி ஷீட்' என்று சொல்லப்படும் தகட்டைப் பார்க்கிறவர்கள் அது முழுக்க அலுமினியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. சாதாரணமாக அதன் மொத்தக் கனம் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர். அதிலே இருபுறமும் இருக்கும் அலுமினியம் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். நடுவிலே இருப்பது வேறு பொருள். விலை மலிவான தகடுகளில் அது பாலிதீன். நாம் சாமான் வாங்கிவரும் பைக்கும் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் உறவுக்காரப் பொருள். நூறு டிகிரிச் சூட்டைக் கொஞ்சம் தாண்டினாலே அது உருகத் தொடங்கிவிடும். தீப்பற்றினால் சொட்டுச் சொட்டாய் எரிந்துகொண்டே கீழே விழும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருள் வேறு எப்படி எரியும்?

நடுவிலே கனிமப் பொடி நிரப்பிய, எளிதில் தீப்பற்றாத தகடுகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே பளபளப்பு, ஒரே நிறம். வித்தியாசம் விலையில்தான்.

தகடு மட்டுமல்ல, அதை மாட்டும் முறையும் முக்கியம். தகட்டைச் சுவரோடு ஒட்டி அறைவதில்லை. சுவரில் அலுமினியச் சட்டம் அடித்து, அதன்மேல் தகட்டை மாட்டுகிறார்கள். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் சில அங்குலச் சந்து விழுகிறது. அடிமாடியிலிருந்து மொட்டை மாடி வரை அந்தச் சந்து தடையில்லாமல் போனால் அது புகைபோக்கிதான். கீழே ஒரு பொறி நுழைந்தால் மேலே தீயாக வரும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ப்ளோரூமில் பஞ்சோடு ஓர் இரும்புத் துண்டு வந்து உரசி ஒரு பொறி கிளம்பினால், அது காற்றுக் குழாய்க்குள் ஓடி எவ்வளவு தூரத்துக்கு அப்பால் தீயாய் எழும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். கூரை வீட்டில் பிறந்து வளர்ந்த விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும்: மேலே எரியும் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம், கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவிலே புகுந்து ஓடும் தீயை அணைப்பது லேசல்ல.

பரிகாரமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் எரியாத பொருள் வைத்த தகட்டைப் போடவேண்டும். மாடிக்கு மாடி அந்தச் சந்தை எரியாத பொருளால் அடைக்கவேண்டும். இதற்கு விஞ்ஞானம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பணம் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. சரியான உத்தரவு, அது முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் நாம் கேட்கிறோம்: தலைக்கு மேலே கீற்று இருந்தால் அபாயம், சுவர் முழுக்கப் பாலிதீன் இருந்தால் அலங்காரமா? ஏழையின் கூரை எரியும் என்று தெரிந்துகொண்ட அதிகாரிகளுக்கு, பணக்காரக் கட்டடத்தின் சட்டையும் எரியும் என்பது ஏன் தெரியவில்லை?

லண்டனில் நடந்தது

இது வீண் பயமுறுத்தல் என்று சொல்வோர் லண்டன் நகரத்தைப் பார்க்கட்டும். அங்கே கென்சிங்டன்-செல்ஸி என்ற பகுதி, பிரிட்டனிலேயே பெரும் பணக்காரர்கள் வாழும் பகுதிகளில் ஒன்று. அதன் வடகோடியில் சாதாரண மக்கள் வாடகைக்குக் குடியிருந்த 24 மாடிக் கட்டடம் கிரென்ஃபெல் டவர். 1974-ல் கட்டி முடிக்கப்பட்டது. அது கடைக் கட்டடமல்ல, குடியிருப்புதான். ஆனால் பழைய சுவருக்குப் புதுத் தகடு போர்த்திய விதம் நம் கடைவீதியில் நடப்பதேதான்.

குளிர் தாங்க வேண்டும், வெளியிலிருந்து பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்று அதைப் புதுப்பித்தார்கள். 2016-ல் வேலை முடிந்தது. முதலில் துத்தநாகத் தகடு போடுவதாகத்தான் திட்டம். செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அதை விட்டுவிட்டு, நடுவில் பாலிதீன் வைத்த அலுமினியத் தகட்டுக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தால் மிச்சமானது 2,93,000 பவுண்டு சொச்சம்.

2017 ஜூன் 14-ந் தேதி நள்ளிரவு தாண்டி, நாலாவது மாடியில் ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டியில் தீப்பிடித்தது. பழைய சுவரானால் அந்தத் தீ அந்த ஒரு வீட்டோடு முடிந்திருக்கும். ஆனால் அது ஜன்னல் வழியாக வெளியே வந்து தகட்டைப் பற்றிக்கொண்டது. அரைமணி நேரத்துக்குள் உச்சி மாடியைத் தொட்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் தப்பி இறங்க ஒரே ஒரு மாடிப்படி. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற பழைய ஆலோசனையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. 72 பேர் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சம் பிடித்த பணத்தை மாண்டவர்களின் தொகையால் வகுத்தால் ஓர் உயிருக்கு 4,000 பவுண்டு சொச்சம் வருகிறது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மனித உயிரின் விலை இது.

எச்சரிக்கை இல்லாமல் நடந்ததா? இல்லவே இல்லை. 2009 ஜூலை 3-ந் தேதி, அதே லண்டனில் லகனால் ஹவுஸ் என்ற குடியிருப்பில், புதுப்பித்தபோது மாட்டிய பலகைகள் வழியாகத் தீ பரவி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் குழந்தைகள். விதிகளைத் தெளிவாக்குங்கள் என்று 2013-ல் அந்த மரண விசாரணை சர்க்காருக்குச் சொல்லிற்று. சர்க்கார் அசையவில்லை. வியாபாரத்துக்கு விதிகள் தடையாக இருக்கின்றன, விதிகளைக் குறைப்போம் என்பதுதான் அந்த நாளில் அவர்கள் பாடிய பாட்டு. கிரென்ஃபெல் வாசிகளும் தீப் பாதுகாப்பைப் பற்றி ஆண்டுக் கணக்காக முறையிட்டார்கள். நிர்வாகமோ அவர்களில் சிலரைத் தொல்லை கொடுக்கும் கலகக்காரர்கள் என்று ஒதுக்கிற்று.

ஓய்வு பெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4-ந் தேதி வெளிவந்தது. அத்தனை சாவுகளும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று அது சொல்கிறது. தகடு செய்த ஆர்க்கோனிக் கம்பெனியின் கையில், பெட்டி போல மடித்து மாட்டினால் அந்தத் தகடு மிகவும் அபாயகரமாக எரியும் என்று காட்டும் சோதனை முடிவுகள் 2005 முதலே இருந்தன. அதை அந்தக் கம்பெனி மறைத்தது என்று அறிக்கை கூறுகிறது. சுவர்க் காப்புப் பலகை விற்ற கம்பெனிகளின் நேர்மையின்மையையும், பல பத்தாண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்த சர்க்காரின் தவறையும் எடுத்துச் சொல்கிறது. ஆனால் அறிக்கை வெளிவந்த அன்று, தீ எரிந்து ஏழு ஆண்டு கடந்த பிறகும், இந்தச் சாவுகளுக்காக ஒருவர்கூடக் குற்றக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

மூச்சடைத்த கட்டடங்கள்

தீ மட்டுமா கொல்கிறது? புகையும் கொல்கிறது. ஜன்னல்களைத் தகட்டாலும் கண்ணாடியாலும் மூடி, குளிர்சாதன இயந்திரத்தை ஓடவிட்டால், அந்தக் கட்டடம் ஒரு மூடிய பெட்டி. புகை வெளியேற வழியில்லை. தீயணைப்பு வீரர் உள்ளே போகவும் வழியில்லை.

2010 பிப்ரவரி 23-ந் தேதி பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ் என்ற ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் மின்சாரக் கம்பிகள் போகும் வழியில் தீப்பற்றி, மாடிகளெல்லாம் புகை நிறைந்தது. மூச்சுத் திணறியவர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே குதித்தார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2011 டிசம்பர் 9-ந் தேதி விடியுமுன், கல்கத்தாவில் ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கண்ணாடி போர்த்திய கட்டடத்தில் புகை மாடி மாடியாய் ஏறிற்று. 90 பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயாளிகள். புகையை முதலில் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்கள் பக்கத்துச் சேரி மக்கள். காவலாளிகள் அவர்களை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்ற செய்தி அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. கேரளத்திலிருந்து பிழைக்க வந்த இரண்டு நர்ஸுகள் எட்டு நோயாளிகளைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டு, மீண்டும் உள்ளே போய் உயிர் நீத்தார்கள். உழைப்பாளியின் மனம் எப்படிப்பட்டது, பளபளப்பான கட்டடத்தின் மனம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஓர் இரவு காட்டிவிட்டது.

வேலை முடிந்த பிறகுதான் அபாயம் என்பதும் இல்லை. 2025 நவம்பர் 26-ந் தேதி ஹாங்காங்கில் வாங் ஃபுக் கோர்ட் என்ற குடியிருப்பில், வெளிச்சுவர்ப் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. சாரத்தைச் சுற்றிப் போர்த்திய வலை. ஜன்னல்களை மூடி வைத்த நுரைப் பலகை. இவற்றின் வழியே எட்டுக் கட்டடங்களில் ஏழுக்குத் தீ பரவிற்று. 150 பேருக்கு மேல் மாண்டார்கள். அயல்நாட்டிலிருந்து வந்து அங்கே வீட்டு வேலை செய்த ஏழைப் பெண்களும் அவர்களில் உண்டு.

மறைப்பதற்காகப் போர்வையா?

இன்னொரு விஷயம். நாற்பது வருஷக் கட்டடத்தில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைத் தள்ளும். சன்ஷேடு பெயர்ந்து விழும். சுவரில் நீர் கசியும். யோக்கியமாக வேலை செய்ய வேண்டுமானால் முதலில் காரையைத் தட்டிப் பார்த்து, பெயர்ந்ததை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, சுவரைப் பலப்படுத்த வேண்டும். அதன் பிறகே சட்டம் அடிக்க வேண்டும். கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வார். ஆனால் அதற்கு நாளாகும், செலவாகும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கும் அது தெரியாது. ஆகவே விரிசல்மேலேயே தகட்டை மாட்டிவிடுகிறார்கள். உளுத்துப்போன சுவரில் திருகிய ஆணி எத்தனை காற்று, எத்தனை மழை தாங்கும்? ஒரு புயல் நாளில் அந்தத் தகடு பிய்த்துக்கொண்டு வந்தால், கீழே நடைபாதையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பது முதலாளி அல்ல.

தகடு மாட்டுகிறவனின் நிலை என்ன? கட்டடச் சொந்தக்காரர் காண்டிராக்டரிடம் கொடுக்கிறார். அவர் உள்காண்டிராக்டரிடம் கொடுக்கிறார். அவர் மேஸ்திரியிடம் கொடுக்கிறார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. கடைசியில் சாரத்தின்மேல் ஏறுகிறவனுக்கு இடுப்புக் கயிறு வாங்கக் காசு இல்லை! கட்டுமானத் தொழிலாளிகள் நெடுங்காலம் போராடி 1996-ல் தங்களுக்கென்று ஒரு மத்தியச் சட்டத்தைப் பெற்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மற்றச் சட்டங்களோடு சேர்த்துப் புதிய தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். எந்தச் சட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், விழுகிறவன் விழும் உயரம் குறையவில்லை.

"அத்தனையும் செய்தால் செலவு கட்டாது" என்பார்கள் கட்டட முதலாளிகள். கட்டாது என்றால் சட்டை போடவேண்டாம். பழைய சுவரை வெள்ளையடித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றும் வரும், தீயும் ஏறாது. வாடகையை உயர்த்தத் தகடு வேண்டும், தகட்டுக்கு ஏற்ற பாதுகாப்பு மட்டும் வேண்டாம் என்பது நியாயமல்ல.

"விதிகள் இருக்கின்றனவே" என்பார்கள் அதிகாரிகள். இருக்கின்றன. கண்ணாடி மூடிய முகப்பிலும் மாடிக்கு மாடி, 10 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், வெளிப்புறமாகத் திறக்கும் வழி வைக்கவேண்டும் என்று 2016-ல் வெளிவந்த தேசியக் கட்டட நெறித் தொகுப்பு சொல்கிறது. நல்ல வாசகம். உங்கள் ஊர்க் கடைவீதியில் அப்படி எத்தனை கட்டடங்களில் திறக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். காகிதத்தில் எழுதியிருக்கும் ஜன்னல் வழியாகப் புகை வெளியேறாது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

'வெறும் முகப்பு வேலை' என்று சொல்லித் தப்பிக்க யாரையும் விடக் கூடாது. பழைய கட்டடத்துக்குத் தகடோ கண்ணாடியோ போர்த்துமுன், தீயணைப்பு இலாகாவும் முனிசிபாலிடியும் நேரில் பார்த்து எழுத்துமூலம் அனுமதி தரவேண்டும்.

நடுவில் பாலிதீன் வைத்த தகட்டை, மக்கள் கூடும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் மாடிக் குடியிருப்புக்கும் போடுவதை அடியோடு தடுக்கவேண்டும். ஏற்கெனவே போட்டவற்றைக் கணக்கெடுத்து, சொந்தக்காரர் செலவில் கழற்ற வைக்கவேண்டும்.

என்ன தகடு, நடுவில் என்ன பொருள், சந்து அடைக்கப்பட்டதா, கடைசியாகச் சோதித்த தேதி எது என்பதைக் கட்டட வாசலில் தமிழில் எழுதி வைக்கவேண்டும்.

இரண்டாவது மாடிப்படி இல்லாத, ஜன்னல் திறக்காத கடைக்குப் பண்டிகைக் கூட்டத்தை அனுமதிக்கக் கூடாது. திருட்டுப் பயம் என்று சொல்லிப் பின்வாசலைப் பூட்டுவதைக் குற்றமாக நடத்தவேண்டும்.

சாரத்தில் ஏறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இடுப்புக் கயிறும் தலைக் கவசமும் நலவாரியப் பதிவும் இருக்கவேண்டும். விபத்து நேர்ந்தால் உள்காண்டிராக்டர் தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சொந்தக்காரர் நழுவக் கூடாது. அவரே முதல் ஜவாப்தாரி.

இவற்றை யாரும் தாமாக முன்வந்து தந்துவிட மாட்டார்கள். கிரென்ஃபெல் மக்கள் தனித்தனியாக முறையிட்டபோது நிர்வாகம் காது கொடுக்கவில்லை. தீக்குப் பிறகு உயிர் பிழைத்தவர்களும் மாண்டவர்களின் உறவினர்களும் ஒன்றாகி, மாதந்தோறும் 14-ந் தேதி மௌன ஊர்வலம் நடத்தியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. தீக்கு முன்பே ஒன்றுகூடுவது நமக்கு நல்லது.

கடைகளில் வேலை செய்யும் சகோதரிகளே! நாளைக் காலை வேலைக்குப் போனதும் பின்பக்க மாடிப்படியை ஒரு தடவை பாருங்கள். அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறதா? கதவில் பூட்டுத் தொங்குகிறதா? நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். தகடு மாட்டும் தோழர்களே! நறுக்கிப் போட்ட துண்டு எப்படி உருகுகிறது என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததைச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் தங்கள் ஊர்க் கடைவீதியில் புதுச் சட்டை மாட்டிய கட்டடங்களைக் கணக்கெடுத்து, முனிசிபாலிடிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மனு கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

பழைய சுவர் புதுச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். அதன் விலையை உள்ளே நிற்கும் நம் பிள்ளைகள் உயிரால் கொடுக்க நாம் சம்மதியோம்.